லேசர் அடிக்காமல் விட்ட உதடு

லேசர் மிஷின் தேனிக்கு வந்து இறங்கிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாயிரத்து எட்டு வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லிநகரத்தில் என் கிளினிக் வாசலில் டெம்போ நிற்கிறது. மரப்பெட்டிக்குள் மிஷின். இறக்குவதற்குச் சுமைகாரர்கள், அவர்களை அதட்டுவதற்கு நான். "மெதுவா, மெதுவா, அய்யோ சாய்க்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்ப்பக்கத்து உரக்கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். "என்ன டாக்டரம்மா, பிரசவ வார்டு எதுவும் தொறந்துட்டீகளா?" என்று கேட்டார். அவரையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னேன்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். தோல் மருத்துவத்துக்கு இன்று வருகிறவர்கள் லேசர் பிடித்துப் பழகிய கையோடு வருகிறீர்கள். எங்கள் காலத்தில் களிம்பு, மாத்திரை, அறிவுரை மூன்றும்தான். முகத்தில் கருமை என்று ஒரு பெண் வந்தால், "இதைத் தடவு, வெயிலில் போகாதே" என்பேன். திராட்சைத் தோட்டத்தில் பகல் முழுக்கக் குனிந்து நிற்கிறவளிடம் வெயிலில் போகாதே என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! அப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கே என் மேல் எரிச்சல் வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் இந்த மிஷின் வந்தது.

கறுப்பை மட்டும் தேடிப்போய் அடிக்கிற ஒளி! "டப்" என்று ஒரு சத்தம், கண்ணெதிரே புள்ளி வெளுக்கும். சில நாளில் உரிந்து விழும். முதல் ஆளாக வந்த போடிக்காரர் முழங்கையில் பழைய காதலியின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். முதல் எழுத்து வெளுத்ததும் அவரைவிட நான்தான் அதிகமாகக் குதித்தேன். "டாக்டர், மீதி எழுத்தையும் அழிச்சுட்டுக் குதிங்க" என்றார் மனுஷன்.

பிறகு உதடுகள் வர ஆரம்பித்தன. பீடியில் கறுத்தவை, மலிவு லிப்ஸ்டிக்கில் கறுத்தவை, பிறந்ததிலிருந்தே அப்படி இருப்பவை. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இருந்த பியூட்டி பார்லர் பெண்கள் கல்யாணப் பெண்களை என்னிடம் அனுப்பினார்கள். ஒவ்வொரு காலையும் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கிளம்பும் பிள்ளையைப் போல நான் கிளினிக்குக்குக் கிளம்பினேன். இந்த உற்சாகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொல்ல வரவில்லை. உற்சாகம் இல்லாத டாக்டரை எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த உற்சாகம் உச்சத்தில் இருந்த ஒரு நாளில் மிஷினை அணைக்க வேண்டி வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

சுகன்யாவுக்கு ஊர் சுருளிப்பட்டி. ஆசிரியர் பயிற்சி முடித்தவள், களையான முகம், நேராகப் பார்த்துப் பேசும் பழக்கம். அவளுடைய கீழுதட்டிலும் மேலுதட்டிலும் பேனா மையை உதறியது போலக் கரும்புள்ளிகள். அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை உத்தமபாளையத்தில் பைப் கடை வைத்திருக்கிறார். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அக்கா எல்லாரும் கேட்கும்படி, "பொண்ணு லட்சணம்தான், உதட்டுல மட்டும் யாரோ மை தெளிச்சுட்டாக" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்திருந்தார்கள்.

கூட வந்தவர் பேச்சியம்மா, சுகன்யாவின் சின்னம்மா. தாயில்லாத பிள்ளையை வளர்த்தவர் அவர். வெற்றிலை போட்டு வாய் செக்கச்செவேல் என்று இருந்தது. மாப்பிள்ளையின் அக்காவும் தன் காரிலேயே அவர்களைக் கூட்டிவந்து வெளியே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். வேலை நடக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

புள்ளிகளைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். அளவான, எல்லை தெளிவான, ஆழமில்லாத புள்ளிகள். லேசருக்கென்றே அளவெடுத்துத் தைத்த உதடு! "இன்னைக்கே அடிச்சா உரிஞ்சு ஆறி முகூர்த்தத்துக்குள்ள சரியாயிரும். தள்ளிப்போட்டா புண்ணோட மணமேடை ஏறணும்" என்றேன். பேச்சியம்மா உடனே தலையாட்டினார். மரத்துப்போகிற களிம்பைத் தடவிப் படுக்க வைத்தோம்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கண்ணில் ஒளி படாமல் இருக்கக் கண்ணாடி மாட்ட வேண்டும். மாட்டுவதற்கு முன் கீழிமையை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. சரி, நம் ஊர்ப் பெண்களில் ரத்தம் குறையாதவர்கள் எத்தனை பேர் என்று மனசு சமாதானம் சொன்னது. அடுத்து, பல்லில் ஒளி படாமல் இருக்க உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே ஈரத்துணி வைக்க வேண்டும். அதற்காக உதட்டைப் பிரித்து, டார்ச்சை அடித்து, கன்னத்தின் உள்பக்கத்தைப் பார்த்தேன். அங்கேயும் அதே புள்ளிகள், உதட்டில் இருப்பதைவிடக் கறுப்பாக.

வெயில் அங்கே போகாது. லிப்ஸ்டிக் அங்கே போகாது. அப்படியானால் இந்தப் புள்ளிகள் அங்கே எப்படிப் போயின?

அந்த நேரம் பார்த்துச் சுகன்யா முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். நான் இன்னும் மிஷினை அவள் பக்கம் திருப்பக்கூட இல்லை. முகம் வியர்த்துவிட்டது.

"என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல டாக்டர், வயித்து வலி. விட்டு விட்டு வரும். இப்பப் போயிரும், நீங்க அடிங்க."

பேச்சியம்மா முந்திக்கொண்டார். "சின்னப்புள்ளையில இருந்தே இருக்குதுங்கம்மா. கொடல் ஏறிக்கிரும். எங்க ஊர்ல ஒரு பொம்பள இருக்காக, வெளக்கெண்ணெய் தடவிக் கொடல் தட்டி விட்டாகன்னா கேட்டுரும். கைராசிக்காரவுக. இன்னைக்குக் காலையிலயும் தட்டித்தான் கூட்டியாந்தோம். கல்யாணப் பயம் வேற. ஏ ஆத்தா, காலை நீட்டிப் படு."

"இவ அம்மா எப்படி இறந்தாங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று அந்த நொடியில் எனக்கே முழுசாகத் தெரியவில்லை.

"எங்க அக்காளா? வயித்து வலியிலதான் போனா. இவ தவழ்ற பருவம். அங்கன அப்ப டாக்டரு ஏது, பஸ்ஸு ஏது?"

"அவங்க உதட்டுலயும் புள்ளி இருந்துச்சா?"

"இருந்துச்சே. எங்க பக்கத்துல நெறையப் பேருக்கு உண்டு. எங்க வீட்டுப் பிள்ளைன்னு அதை வச்சே கண்டுபிடிச்சுரலாம்" என்று பெருமையாகவே சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டு வெள்ளைக்கார டாக்டர்களின் பெயரைச் சேர்த்து ஒட்டிய அந்த நோயின் பெயர் உங்களுக்குத் தெரியும். உதட்டிலும் வாய்க்குள்ளும் புள்ளி, குடலுக்குள் காளான் போலத் தொங்கி ரத்தம் கசியவிடும் சதைக்கட்டிகள், வம்சம் வம்சமாக வரும். புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இத்தனை வருஷப் பிராக்டிஸில் உயிரோடு ஒருவரைப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டேன் என்ற பரபரப்பும், இந்தப் பெண்ணின் வயிற்றுக்குள் இப்போது என்ன நடக்கிறதோ என்ற பயமும் ஒரே நேரத்தில் வந்தன. மிஷினை அணைத்தேன்.

"மிஷினு ரிப்பேருங்களா?" என்றார் பேச்சியம்மா.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு அடிக்க முடியாது. இவளுக்கு உடனே வயித்துல ஸ்கேன் எடுக்கணும்."

அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம்! "நல்லா இருக்கே கதை! இன்னைக்கு அடிச்சாத்தான் ஆறும்னு நீங்கதானே சொன்னீக? உதட்டைக் காட்ட வந்தா வயித்தைப் பாக்கணுங்கிறீக. வெளிய அந்த அம்மா உக்காந்துருக்காக. பொண்ணுக்கு வயித்துல சீக்குன்னு காதுல விழுந்துச்சு, இன்னைக்கே கல்யாணத்தை நிப்பாட்டிப்புடுவாக. தாயில்லாப் புள்ளைம்மா. பத்து பொட்டு அடிச்சு அனுப்பிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வயித்தைக் கல்யாணம் முடிஞ்சு பாத்துக்கிருவோம்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூட நியாயமில்லாதது இல்லை. ஒருவேளை இது வெறும் வயிற்று வலியாக இருந்தால்? வாய்க்குள் புள்ளி இருக்கிற எல்லாருக்கும் குடலில் கட்டி இருப்பதில்லை. நான் தோல் டாக்டர். என் சந்தேகம் பொய்யானால் ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்ற பெயர் வரும். மெய்யாக இருந்து நான் பேசாமல் அனுப்பினால், சுருளிப்பட்டிக்குப் போனதும் மறுபடி எண்ணெய் தடவிக் குடல் தட்டுவார்கள். எது திருத்தக்கூடிய தவறு, எது திருத்த முடியாத தவறு? நெருக்கடியில் நான் கேட்டுக்கொண்ட ஒரே கேள்வி அதுதான். கெட்ட பெயரைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

ஆனால் வெளியே என்ன சொல்வது? இங்கேதான் நம்மில் பலர் சறுக்குகிறோம். நோயைக் கண்டுபிடித்ததும் அது நம் சொத்து என்று நினைத்து ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம். பேச்சியம்மாவைச் சற்று வெளியே நிற்கச் சொன்னேன். சுகன்யாவிடம் என் சந்தேகம் முழுவதையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. "வெளிய அவங்க கேட்டா என்னம்மா சொல்லட்டும்? உன் வயிறு, உன் கல்யாணம். நீ சொல்றதுதான்."

வலி ஓய்ந்திருந்த நேரம் அது. களிம்பு தடவிய உதட்டைத் துடைத்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் டாக்டர். நானே சொல்றேன்."

சொன்னாள். வரவேற்பறையில், உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி. களிம்பில் மரத்த உதடு சரியாகக் கூடவில்லை, சொல் குழறியது, ஆனாலும் நிறுத்தவில்லை. "மதினி, என் வயித்துல கட்டி இருக்கும்போல. உதட்டுல இருக்குற புள்ளி அதோட அடையாளமாம். இப்ப ஸ்கேனுக்குப் போகணும். கல்யாணம் வேணாம்னா இப்பவே சொல்லிருங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

பேச்சியம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அக்கா சுகன்யாவின் உதட்டையே பார்த்தார். நிச்சயத்தன்று மை என்று சொன்னது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். "அதை அப்பறம் பேசிக்கிருவோம்" என்று எழுந்தார். "ஸ்கேன் எங்கன? காரு வாசல்லதான் நிக்குது." என்ன மனுஷி! ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

இரண்டு தெரு தள்ளி நர்சிங் ஹோம் வைத்திருந்த சர்ஜன் என் வகுப்புத் தோழர். போன் செய்தேன். "நீ தோலு, நான் கொடலு. எல்லை தாண்டி வர்றியே தாயே" என்று கிண்டலடித்தார். "எல்லை தாண்டுனது நான் இல்லப்பா, புள்ளி. பேசிட்டு இருக்காம ஸ்கேன் மிஷினைப் போடு" என்றேன். கிளினிக்கில் காத்திருந்தவர்களிடம் கும்பிடு போட்டுவிட்டு நானும் காரில் ஏறினேன். வழியிலேயே அவளுக்கு வாந்தி.

ஸ்கேனில் தெரிந்தது. சட்டைக் கையைக் கழற்றும்போது உள்பக்கமாக இழுபட்டு வருமே, அதுபோலக் கட்டி இழுத்துக்கொண்டு போய், குடல் குடலுக்குள்ளேயே நுழைந்திருந்தது. சின்ன வயதிலிருந்து வந்த வலியெல்லாம் அப்படி நுழைந்து நுழைந்து வெளியே வந்த வலிதான். தானாக விடுபட்டதையெல்லாம் அந்த ஊர்ப் பெண்ணின் கைராசி என்று நினைத்திருக்கிறார்கள். இந்த முறை அது விடுபடவில்லை. என் நண்பர் கிண்டலை நிறுத்திவிட்டு, "இப்பவே தியேட்டருக்குக் கொண்டு போறேன்" என்றார். "ரத்தம் வேணும். ஒடம்புல ரத்தமே இல்ல."

மாப்பிள்ளையின் அக்கா அப்போதே செல்போனை எடுத்தார். "ஏலே, கடையைச் சாத்து. கூட்டாளிகளைக் கூப்பிட்டுக்கிட்டுத் தேனிக்கு வா. உம் பொண்டாட்டிக்கு ரத்தம் கொடுக்கணும்." கல்யாணம் ஆகவில்லையே என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். மாப்பிள்ளை நண்பர்களோடு வந்து சேர்ந்தபோது பேச்சியம்மா அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சுகன்யாவின் அப்பா தோட்டத்து வேட்டியோடு வந்து கையெழுத்துப் போட்டார்.

காத்திருந்த நேரத்தில் அந்த அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "டாக்டரம்மா, ஒளிக்காமச் சொல்லுங்க. இது பெறக்குற பிள்ளைக்கும் வருமா?"

பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். உண்மையை முழுதாகக் கொட்டியும் இருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. "நல்ல கேள்விம்மா. ஆனா இதுக்குப் பதில் சொல்ல வேண்டியவ உள்ள இருக்கா. அவ எந்திரிக்கட்டும், அவகிட்ட நான் எல்லாம் சொல்லிட்டு, அவ கேட்டா உங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன்." அவருக்கு முகம் சுண்டியது. ஆனால் எழுந்து போகவில்லை.

கட்டிகளை எடுத்து, கெட்டுப்போக ஆரம்பித்திருந்த ஒரு சாண் குடலை வெட்டி ஒட்டினார் என் நண்பர். வெளியே வந்து மாஸ்க்கை இறக்கி, "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா நான் கையை விரிச்சிருப்பேன்" என்றார். ஆஸ்பத்திரி நடையில் நின்று நான் கைதட்டினேன். ஐம்பது வயதைத் தாண்டிய பொம்பளை! வெட்கமே இல்லை எனக்கு.

சுகன்யா தெளிந்து உட்கார்ந்ததும் அந்தப் பதிலை அவளே சொன்னாள். பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் காலாகாலத்தில் பார்த்துக்கொண்டால் ஆபத்தைத் தவிர்க்கலாம் என்று நான் அவளுக்குச் சொன்னதை, மாப்பிள்ளையிடமும் அக்காவிடமும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மாப்பிள்ளை ரொம்பப் பேசுகிறவரில்லை. "பாத்துக்கிருவோம்" என்றார். வைகாசியில் இருந்த முகூர்த்தம் ஆவணிக்குத் தள்ளிப்போனது. நிற்கவில்லை.

பேச்சியம்மாவை வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொன்னேன். வெற்றிலைச் சிவப்பு போனதும் கன்னத்தின் உள்ளே அவருக்கும் புள்ளிகள்! குடலில் குழாய் விட்டுப் பார்த்து, இருந்த கட்டியை அறுவை இல்லாமலே எடுத்தோம். அவருடைய அண்ணன், தம்பி, பங்காளிகள் எல்லாரையும் வரச் சொல்லிப் பேச்சியம்மா ஆள் அனுப்பிப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் சிலர், மார்க்கையன்கோட்டையில் சிலர். "உதட்டுல மச்சம் இருந்தா ஆஸ்பத்திரிக்கா போவாக?" என்று சிரித்தார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லவா முடியும்?

தையல் ஆறி சுகன்யா வந்தபோது, "இப்ப நேரம் இருக்கும்மா. ஆவணிக்குள்ள உதட்டைச் சுத்தமாக்கிரலாம், என் செலவு" என்றேன். எனக்கு இன்னும் அந்த உதட்டின் மேல் ஆசை விடவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். அவள் சிரித்தாள். "கல்யாணம் முடியட்டும் டாக்டர்" என்றாள். காரணம் சொல்லவில்லை.

சின்னமனூரில் கல்யாணம். தாலி கட்டியதும் பந்திக்குப் போய் உட்கார்ந்தேன். இலையில் கேசரி விழுந்ததும் பேச்சியம்மா ஓர் ஆளை இழுத்துக்கொண்டு வந்தார். "டாக்டரம்மா, எங்க அண்ணன். வாயைத் தொறண்ணே." நான் செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். புள்ளி! அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு. சாம்பார் ஊற்ற வந்தவர் வாளியோடு நின்று வேடிக்கை பார்த்தார். ஒரு சின்னப் பெண், ஒன்றாம் வகுப்புப் படிப்பவள், தானாகவே வாயை 'ஆ' என்று திறந்தாள். உள்ளே கறுகறுவென்று புள்ளிகள்.

"வயிறு வலிக்குமா கண்ணு?"

"ம். கொடல் தட்டுவாக."

இலையை மூடிவிட்டு எழுந்தேன். அவள் அப்பாவிடம், நாளைக் காலையில் பிள்ளையோடு கிளினிக்கில் நிற்க வேண்டும் என்று மிரட்டாத குறையாகச் சொன்னேன். ஆள் அனுப்பியும் வராத சனம் இன்று எப்படி வரிசையில் நிற்கிறது? புரியாமல் மேடைக்குப் போனேன்.

மணப்பெண்ணின் முகத்தில் பார்லர்காரி அத்தனையும் போட்டிருந்தாள். கண்ணுக்கு மை, கன்னத்துக்குச் சிவப்பு, நெற்றிக்குச் சுட்டி. உதடு மட்டும் வெறும் உதடு. புள்ளிகள் ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போலப் பளிச்சென்று தெரிந்தன.

"ஏம்மா, லிப்ஸ்டிக் போடலையா?" என்றேன்.

"அவ போட்டா, நான் தொடைச்சுட்டேன் டாக்டர். எங்க அம்மா பக்கத்துச் சனம் எல்லாரும் ஒண்ணாக் கூடுறது கல்யாணத்துலதானே? விபூதி பூச மேடைக்கு வந்தவுககிட்டயெல்லாம் என் உதட்டைக் காட்டி, இந்த மாதிரி இருக்கா, இருந்தா கீழ டாக்டர் இருக்காக, பாத்துட்டுப் போங்கன்னு சொன்னேன். வயித்துத் தையலையும் காட்டவான்னு கேட்டேன். அதுக்கு மேல யாரும் சிரிக்கல."

மாப்பிள்ளையின் அக்கா பக்கத்தில் நின்று தம்பி மனைவியின் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். போட்டோக்காரர் எங்களைச் சேர்ந்து நிற்கச் சொன்னார். சுகன்யா அவரைக் கைகாட்டி அருகே அழைத்தாள்.

"அண்ணே, கிட்ட வந்து எடுங்க. உதடு தெளிவா விழணும். வராத சொந்தக்காரகளுக்கு அனுப்பணும்."